ரஹ்மானின் தொழில் கணக்கு: என் வேலை யார் கையில இருக்கு?

இந்த எபிசோட்ல ஏ.ஆர். ரஹ்மானைப் பத்திப் பேசப்போறோம். அவரோட எந்த ஆல்பம் பெஸ்ட்ங்கிற சண்டைக்கு நான் வரலை, அதை டீக்கடையிலயே முடிச்சுக்கலாம். இன்னைக்குப் பாக்கப்போறது அவரோட தொழில் கணக்கு.

கீபோர்டு வாசிக்கிறவர், விளம்பர ஜிங்கிள் போடுறவர், இசையமைப்பாளர், ஸ்டுடியோ உரிமையாளர், இசைப் பள்ளி நிறுவனர், படத் தயாரிப்பாளர், இயக்குநர். ஆசைக்கு ஒண்ணொண்ணா செஞ்ச மாதிரி தெரியும். ஆனா வரிசையா வெச்சுப் பாத்தா, எல்லாத்துக்கும் அடியில ஒரே கேள்விதான் இருக்கு: என் வேலை யார் கையில இருக்கு?

வாத்தியம்

அப்பா ஆர்.கே. சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். 1976-ல் அவர் இறந்தபோது ரஹ்மானுக்கு 9 வயது. வீட்டில் இருந்த அப்பாவின் வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அம்மா குடும்பத்தை ஓட்டினார்.

வாசிக்கிறவருக்கு அன்னைக்கு வாசிச்சாத்தான் அன்னைக்குச் சம்பளம். வாத்தியத்தின் சொந்தக்காரருக்கு யார் வாசிச்சாலும் வாடகை வரும். இந்த வித்தியாசத்தை ரஹ்மான் வீட்டுக்குள்ளேயே பாத்து வளந்திருக்கார். அப்புறம் இளையராஜா, ராஜ்-கோட்டி போன்றவர்களிடம் கீபோர்டு வாசித்தார். அங்கிருந்து விளம்பர ஜிங்கிள் பக்கம் போனார். அரை நிமிஷத்துல ஒரு பொருளை மனசுல பதிய வைக்கணும். ஒலியைச் செதுக்குறதுக்கு நல்ல பட்டறை அது.

நேரம்

அப்போ கோடம்பாக்கத்தில் பாட்டு ரெக்கார்டிங்னா கால்ஷீட். ஸ்டுடியோ வாடகைக்கு. வயலின், புல்லாங்குழல், தபலா, கோரஸ் எல்லாரும் ஒண்ணா உக்காந்து, குறிச்ச நேரத்துக்குள்ள முடிச்சாகணும். நேரம் போகப் போக தயாரிப்பாளருக்குச் செலவு ஏறும். "இந்த சத்தம் சரியா வரலை, நாலு நாள் வெச்சுப் பாப்போம்"னு சொல்ல வழியே இல்லை.

ரஹ்மான் 'ரோஜா' (1992) வர்றதுக்கு முன்னாடியே வீட்டோடு சேர்த்து 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' ஸ்டுடியோவைக் கட்டிவிட்டார். இனி கடிகாரம் அவருடையது. பாடகரை ராத்திரியில கூப்பிடலாம், வாத்தியங்களைத் தனித்தனியா பதிவு செஞ்சு அடுக்கலாம், பிடிக்கலைன்னா கலைச்சுட்டு மறுபடி அடுக்கலாம். 'ரோஜா'வின் ஒலி புதுசா இருந்ததுக்குத் திறமை ஒரு காரணம். சொந்த ஸ்டுடியோ தந்த அவகாசம் இன்னொரு காரணம்.

இதுக்கு ஒரு விலையும் இருக்கு. கம்ப்யூட்டரும் சிந்தசைசரும் பரவப் பரவ, ஒண்ணா உக்காந்து வாசிச்ச கலைஞர்கள் பலருக்குக் கால்ஷீட் குறைஞ்சது. இந்த மாற்றத்துக்கு ரஹ்மான் ஒருத்தர் மட்டும் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா ஒருத்தருக்குக் கிடைச்ச சுதந்திரம் இன்னொருத்தரோட வருமானத்துல கைவைக்கும்ங்கிறதை மறைச்சுப் பேசுறதும் நியாயம் இல்லை.

உரிமை

ஸ்டுடியோ நம்மளுது, சரி. பாட்டு யாருது? 1977-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், படத்துக்காகக் காசு கொடுத்துப் போடவைத்த இசைக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று சொன்னது. அதனால பாட்டு எத்தனை வருஷம் ஒலிச்சாலும் இசையமைப்பாளருக்குப் பெரும்பாலும் முதல்ல வாங்கின சம்பளம் மட்டும்தான்.

இந்த இடத்தில் ரஹ்மான் விட்டுக்கொடுக்கவில்லை. இசை உரிமையில் பங்கு கேட்டு உடன்பாடு வராததால்தான் 2007-ல் வந்த இந்திப் படம் 'ஓம் சாந்தி ஓம்'-இலிருந்து விலகினார் என்று அப்போது செய்திகள் வந்தன. பிறகு 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர்த்த மற்ற பயன்பாடுகளில், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. எழுதிக் கொடுத்தாலும் அந்தப் பங்கு போகாது. வாரிசுகளுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே அதை மாற்றித்தர முடியும். சாஃப்ட்வேர் வேலையில நாம எழுதுற கோடு கம்பெனிக்குச் சொந்தம், சம்பளத்தோட கதை முடிஞ்சது. அங்கிருந்து பாத்தா இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

ஆளும் படமும்

2008-ல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்கு 2 ஆஸ்கர் வாங்கினது அதுக்கு அடுத்த வருஷம், 2009-ல். வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாக் கற்றுத்தரும் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவும் அங்கிருந்து வந்ததுதான். கால்ஷீட் காலத்துல ஆர்க்கெஸ்ட்ரா கலைஞர்கள் இழந்த இடத்தை, கொஞ்சமாவது இன்னொரு வழியில நிரப்புற முயற்சின்னு நான் இதைப் பாக்கறேன்.

அடுத்து சினிமா. '99 சாங்ஸ்' படத்துக்குக் கதையில் பங்கு, தயாரிப்பு, இசை எல்லாம் அவர். 2019-ல் பூசான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. தியேட்டருக்கு வந்தது 2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தபோது. படம் அவர் கையில இருந்தது. ரிலீஸ் நேரத்து ஊர் நிலைமை யார் கையிலயும் இல்லை. அப்பவும் அவர் நிக்கலை. இயக்குநராக 'லெ மஸ்க்' என்ற விர்ச்சுவல் ரியாலிட்டி படத்தை 2022-ல் கான் நகரத்தில் காட்டினார்.

பனையூர்

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். 2023 செப்டம்பர் 10, ஈ.சி.ஆர். பனையூரில் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரி. மழையால் ஆகஸ்ட்டிலிருந்து தள்ளிப்போனது. சேலையூர், தாம்பரம் பக்கமிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியா போற தூரம்தான். டிக்கெட் கையில இருந்தும் உள்ளே போக முடியாதவங்க பலர். வாகன நெரிசல், கூட்ட நெரிசல், பெண்களும் குழந்தைகளும் பட்ட அவதி.

மேடையும் இசையும் ரஹ்மானுடையது. கேட், பார்க்கிங், டிக்கெட் எண்ணிக்கை ஏற்பாட்டாளர்களுடையது. அவங்க பொறுப்பேத்து மன்னிப்பும் கேட்டாங்க. ஆனா ஜனங்க கோபப்பட்டது யார் மேல? போஸ்டர்ல யார் பேர் இருந்ததோ அவர் மேல. ரஹ்மானும் ஒதுங்கிக்கலை. உள்ளே வர முடியாதவங்க டிக்கெட் நகலை அனுப்பச் சொன்னார், பணம் திருப்பித் தரும் வேலை நடந்தது.

இந்தக் கணக்குல எனக்குப் பெரிய பாடம் இதுதான். வாத்தியம், நேரம், உரிமை, ஆள் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கைக்குள்ள கொண்டுவரலாம். ஆனா பேர் பெருசாகப் பெருசாக, நம்ம கையில இல்லாத வேலைக்கும் நாமதான் பதில் சொல்லணும்.

இதைக் கேட்கிறவங்கள்ல கல்யாணக் கச்சேரிக்கு வாசிக்கிறவங்க, வீட்டு ரூம்ல பீட் போடுறவங்க இருப்பீங்க. அடுத்த சம்பளத்துல புது கீபோர்டு வாங்குறதுக்கு முன்னாடி, கையெழுத்துப் போடப்போற காகிதத்துல உங்க பங்கு என்னன்னு ஒரு தடவை முழுசாப் படிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.