கட்டைகளில் எழும் செட்டிநாட்டு வீடு

மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஒவ்வொரு கட்டையும் ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்டது. இணையம் வழியே பலர் ஒரே உலகில் நுழைந்து சேர்ந்து கட்டலாம். வெறும் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஐ.நா. குடியிருப்பு அமைப்பும், விளையாட்டை உருவாக்கிய ஸ்வீடனின் மொஜாங் நிறுவனமும் 2012இல் தொடங்கிய திட்டத்தில், பொது இடங்களை மக்களே இந்த விளையாட்டில் வடிவமைக்கிறார்கள். வியட்நாமின் ஹனோய் பகுதியில் மாணவிகள், தாங்கள் நடக்க அஞ்சிய இடங்களைப் பாதுகாப்பாக மாற்றிக் கட்டிக் காட்டினார்கள். செட்டிநாட்டின் காரைக்குடிப் பிள்ளைகளுக்கும் இது கைகொடுக்கும். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பங்காளிகள் பல ஊர்களில் சிதறியிருப்பதால் பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. இங்குள்ள பிள்ளை முகப்பையும் வளவு எனப்படும் நடு முற்றத்தையும் அளந்து சொல்ல, சிங்கப்பூரில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளை அதே நேரத்தில் சுவரை எழுப்பலாம்.

ஆத்தங்குடித் தரைக் கல்லின் பூவேலையும் சுண்ணாம்புப் பூச்சின் வழவழப்பும் கட்டையில் வருமா என்று கேட்டால், வராது. ஆனால் முன்வாசலில் நின்றால் பின்வாசல் வரை பார்வை ஓடும் அந்த நேர்கோடும், வளவைச் சுற்றி அறைகள் அமைந்த முறையும் அப்படியே வரும். பிள்ளைகள் முதலில் அறிய வேண்டியது இவற்றைத்தான். முன்பின் தெரியாதவர்கள் உள்ளே வருவார்களே என்ற பெற்றோரின் கவலை முற்றிலும் நியாயமானது. பொதுவெளிச் சர்வர்களைத் தவிர்த்து, பெயர் சேர்க்கப்பட்டவர்கள் மட்டுமே நுழையக்கூடிய தனி உலகம் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயர்ப்பட்டியல் வீட்டுப் பெரியவர் ஒருவரின் கையில் இருக்கட்டும்.