கடல் சூடானால் உடம்பைச் சுருக்கிக்கொள்ளும் ‘நீமோ’!

2003-ல் வெளியான ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தைப் பார்த்த யாரும் அந்த ஆரஞ்சு நிறக் குட்டி மீனை மறந்திருக்க மாட்டார்கள். அதுதான் கோமாளி மீன். படத்தில் அது வீட்டை விட்டுத் தொலைந்துபோகும். நிஜத்தில், வளர்ந்த கோமாளி மீன் வீட்டைத் தாண்டி அதிக தூரம் போகவே போகாது. போனால் பெரிய மீன்களுக்கு இரையாகிவிடும்.

அந்த வீடு, கடல் சாமந்தி. பூவைப்போல இருந்தாலும் அது ஒரு விலங்கு. பவளத்துக்கும் ஜெல்லி மீனுக்கும் சொந்தம். அதன் விரல் போன்ற இழைகளில் நுண்ணிய விஷ ஊசிகள் உண்டு. மற்ற சின்ன மீன்கள் பட்டால் மயங்கிச் சாமந்திக்கு உணவாகிவிடும். கோமாளி மீனை மட்டும் அவை குத்துவதில்லை. காரணம், அதன் உடம்பில் படிந்திருக்கும் வழவழப்பான சளிப்படலம்.

சுமார் 1,000 வகை கடல் சாமந்திகளில் 10 வகை மட்டுமே இந்த மீன்களுக்கு இடம் கொடுக்கின்றன. அதற்கு வாடகையும் உண்டு. சாமந்தியைக் கடிக்க வரும் மீன்களைக் கோமாளி மீன் விரட்டியடிக்கும். அதன் கழிவு சாமந்திக்கு உரம். இரவில் இழைகளுக்கு நடுவே துடுப்பை அசைத்து, ஆக்ஸிஜன் கலந்த தண்ணீரை உள்ளே தள்ளும்.

குடும்பத்திலும் கறாரான வரிசை உண்டு. பெரியவள் தலைவி. அடுத்த பெரிய மீன் அவளுடைய துணைவன். முட்டைகளைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அவன்தான். தலைவி இறந்தால் அவனே பெண்ணாக மாறிவிடுவான்!

இப்போது இந்த வீட்டுக்குள் வெப்பம் நுழைந்திருக்கிறது. 2023-ல் பப்புவா நியூ கினியின் கிம்பே விரிகுடாவில் கடல் வழக்கத்தைவிடச் சூடானது. அப்போது 134 கோமாளி மீன்களை மாதாமாதம் அளந்து பார்த்தார்கள், பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். பெரும்பாலான மீன்கள் சுருங்கியிருந்தன. மெலியவில்லை, நீளமே குறைந்திருந்தது! அப்படிச் சுருங்கிய மீன்கள்தான் அதிகம் பிழைத்தன. ஜோடியாகச் சேர்ந்து சுருங்கியவற்றுக்குப் பிழைக்கும் வாய்ப்பு இன்னும் கூடியது. 2025-ல் இந்த ஆய்வு வெளியானது.

மீன் சுருங்கித் தப்பிக்கலாம். வீடு? கடல் சாமந்தியின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள்தான் அதற்குப் பெருமளவு உணவு தருகின்றன. சூடு அதிகமானால் பாசிகள் வெளியேறி, சாமந்தி வெளுத்துப்போகும். சூடு நீடித்தால் இறந்தும்விடும். அதன்பிறகு மீனுக்கு ஒதுங்க இடமில்லை.

இது எங்கோ தூரத்துக் கடலின் கதை மட்டுமல்ல. நம் மன்னார் வளைகுடாவிலும் கோமாளி மீன்களும் கடல் சாமந்திகளும் உண்டு. 2010-லும் 2016-லும் கடல் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்தன. கோமாளி மீனால் உடம்பைத்தான் சுருக்கிக்கொள்ள முடியும். கடலின் சூட்டைக் குறைப்பது மனிதர்கள் கையில்தான் இருக்கிறது.