விரிசலுக்கு ஒரு பாதை

புது வீடுகளில் தரையும் சுவரும் சேரும் இடத்தில் மூன்று, நான்கு அங்குல உயரத்துக்கு ஒரு பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கர்டிங் என்பார்கள். பெரும்பாலும் தரைக்கு வாங்கிய இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைடு டைல்ஸிலிருந்தே இதை வெட்டி எடுத்துவிடுவார்கள். கைதேர்ந்த மேஸ்திரி வெட்டினால் ஒரு டைலில் எட்டு மூன்றங்குலப் பட்டைகள் விளிம்பு பிசகாமல் வரும். பழகாத கை வெட்டினால் பட்டை பாதி வழியிலேயே கூம்பித் துண்டாகிவிடும்.

டைல் சுட்ட களிமண். அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. இரும்புக்கம்பியை இழுத்தால் அதன் அணுக்கள் கொஞ்சம் நழுவி இடம்மாறிச் சமாளித்துக்கொள்ளும். டைலுக்கு அந்த வசதி கிடையாது. எங்காவது ஒரு நுண்கீறல் இருந்தால் இழுவிசை முழுவதும் அதன் நுனியில் போய்க் குவியும். டைலைப் போலவே இழுவிசை தாங்காத கண்ணாடியின் அணுப்பிணைப்புகளைக் கணக்கிட்டால் கிடைக்க வேண்டிய வலிமையில் நூறில் ஒரு பங்களவே நடைமுறையில் இருப்பது ஏன் என்று ஆராய்ந்த ஆங்கிலேயப் பொறியாளர் ஏ.ஏ. கிரிஃபித், 1921இல் வெளியான கட்டுரையில் இந்தக் கீறல்களைத்தான் காரணமாகக் காட்டினார்.

டைல்ஸ் கட்டர் செய்வது, அந்தக் கீறலை நமக்கு வேண்டிய இடத்தில் நாமே போட்டுவைப்பது. டங்ஸ்டன் கார்பைடு சக்கரம் ஒரே அழுத்தத்தில் ஓடும்போது விட்டுப்போகாமல் ‘சர்ர்’ என்று ஓசை வரும். மெல்லிய வெள்ளைக் கோடு விழும். கோட்டுக்கு அடியில் கண்ணுக்குப் படாத விரிசல் ஒன்று செங்குத்தாக இறங்கி நிற்கிறது. டைலைப் பிளக்கப்போவது அதுதான். கோடு சரியாக விழவில்லையோ என்று மறுபடி ஓட்டினால் பக்கவாட்டில் விரிசல்கள் கிளைத்து விளிம்பு பொரிந்துவிடும். பிறகு இருபுறமும் அழுத்த, கோட்டின் வாய் திறந்து விரிசல் பாய்கிறது. கண்ணாடியில் இந்தப் பாய்ச்சல் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வரை போகும். கிளம்பிய விரிசலைத் திருத்த நேரமே இருக்காது.

அது நேராக ஓட வேண்டுமானால் இரு பக்கமும் ஒரே மாதிரி வளைய வேண்டும். ஒரு பக்கம் 21 அங்குலம், மறுபக்கம் 3 அங்குலம் என்றால் மெலிந்த பக்கம்தான் அதிகம் வளையும். நெம்புவதற்கான தூரமும் குறைகிறது: 12 அங்குலத்தில் பிடித்து நெம்புவதைவிட 3 அங்குலத்தில் நான்கு மடங்கு விசை வேண்டும். அந்த மிகை விசை விரிசலைத் திறப்பதோடு நிற்காமல் சறுக்கவும் வைக்கும். விரிசல் மெலிந்த பக்கம் திரும்பி வெளியேறிவிடும்.

இதற்குக் கண்ணாடி வெட்டுபவர்களிடம் ஒரு வழி உண்டு: எப்போதும் சரிபாதியாகவே பிளப்பது. 600 மில்லிமீட்டர் டைலை 300, 300ஐ 150, 150ஐ 75 என்று பிளந்தால் ஒவ்வொரு முறையும் இரு பக்கமும் சமம். கீறி முறிப்பதில் தூளாக எதுவும் கழிவதில்லை என்பதால் எட்டுப் பட்டைகளும் அளவு குறையாமல் கிடைக்கும். இவ்வளவு எளிய கணக்குக்குள் இத்தனை இயற்பியல் அடங்கியிருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

விரல் அகலப் பட்டை என்றால் முறிக்கிற வேலை ஆகாது, வைர பிளேடுதான். 110 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வைரத் துகள்கள் டைலைத் தேய்த்துத் தூளாக்கிக்கொண்டே போகும். இங்கே வேறொரு தொல்லை. சூளையில் 1,200 டிகிரி அளவில் வெந்த டைல் வேகமாக ஆறும்போது மேற்புறம் முதலில் இறுகிவிடும், உட்புறம் பிந்திச் சுருங்கும். அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடுகிறது. வெட்ட வெட்ட அது விடுபட்டு, பட்டையை லேசாக வளைக்கும். கடைசி இரண்டு அங்குலத்தில் பட்டையின் எடையும் சேர்ந்தால் ‘டக்’. அதனால்தான் தெரிந்தவர்கள் இரு பக்கத்துக்கும் சமமட்டத்தில் முட்டுக் கொடுத்து, முடிவுக்குச் சற்று முன்பே நிறுத்தி, எதிர்முனையிலிருந்து வந்து சேர்க்கிறார்கள்.

பிளேடு கிளப்பும் தூளில் படிக சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும். வந்தபின் குணமாக்க வழியில்லை. தண்ணீர் விட்டு வெட்டினால் தூளும் அடங்கும், டைலும் சூடேறாது. உங்கள் வீட்டில் டைல்ஸ் வேலை நடக்கிறதென்றால் தண்ணீருக்கும், நல்ல முகக்கவசத்துக்கும், மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. உள்ள மின் இணைப்புக்கும் நீங்களே ஏற்பாடு செய்துகொடுங்கள்.