அம்மா, பிக்கப் மாற்ற வேண்டும்!

பிள்ளைக்கு நடுத்தர விலையில் ஒரு பேஸ் கிதார் வாங்கிக் கொடுத்தாயிற்று. ஆறு மாதம் ஆகவில்லை; "அம்மா, ஒரே இரைச்சல்! பிக்கப்பை மாற்ற வேண்டும்" என்று வந்து நிற்கிறான். பணம் கொடுக்கலாமா?

பிக்கப் என்பது வேறொன்றுமில்லை. காந்தத்தின் மேல் தலைமயிர் போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றியிருப்பார்கள். எஃகுத் தந்தி அதிர்ந்தால் அதில் மின்சாரம் பிறக்கும். ஆனால் வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் அது சேர்த்தே வாங்கிக் கொள்ளுமே!

அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டு வந்த பிரிசிஷன் பேஸிலும் இந்தத் தொல்லை இருந்தது. 1957-ல் பிக்கப்பை இரண்டு துண்டாக்கி, காந்தத்தையும் சுற்றையும் எதிரெதிராக அமைத்தார்கள். இரண்டு பக்கத்து இரைச்சலும் மோதி அடங்கிற்று. நாதம் மட்டும் நின்றது.

அந்தத் தொழிற்சாலையில் 1956-ல் வேலைக்குச் சேர்ந்தவர் அபிகெய்ல் இபாரா என்ற பெண்மணி. 2013-ல் ஓய்வு பெற்றார். அவர் கையால் சுற்றிய பிக்கப்பை வித்வான்கள் இன்றும் தேடி அலைகிறார்கள்!

சரி, உங்கள் பிள்ளைக்கு என்ன பதில்? முதலில் புதுத் தந்தி போடட்டும். எர்த் கம்பி விட்டுப் போயிருக்கிறதா என்று பார்க்கட்டும். பிக்கப்பின் திருகைத் திருப்பி உயரத்தைச் சரி செய்யட்டும். மிக நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியைக் கெடுக்கும். அப்புறமும் இரைந்தால், அளவு பொருந்துகிற, இரைச்சலை அடக்கும் பிக்கப் வாங்கித் தாருங்கள். பழையதை எறிந்துவிட வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: சாதகம் செய்யாத விரலுக்கு எந்தப் பிக்கப்பும் நாதம் தராது!