பாடுவோரின் உடலும் திருச்சபையின் பாடலும்: திருப்பூரை முன்னிட்டுச் சில சிந்தனைகள்

திருச்சபையின் பாடலைக் குறித்து நாம் பேசும்பொழுது, அதன் சொற்களையும் இராகத்தையும் ஆராய்கிறோம். பாடும் உடலைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பாடகர் குழுவின் குரல் தளர்ந்தால் பயிற்சி போதாது என்கிறோம். சில வேளைகளில் பக்தி போதாது என்றும் கூறிவிடுகிறோம். இக்கணிப்பு நேரியதுதானா என்பதை, பின்னலாடைத் தொழிலால் வாழும் திருப்பூர் வட்டாரத்தை மனத்திற்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. உழைக்கும் உடல்

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் தையற்காரரின் உடலை நோக்குவோம். கண்கள் ஊசிமுனையில் பதிந்திருக்கின்றன. ஆகவே தலை முன்னே தாழ்கிறது. கைகள் துணியைத் தள்ளுவதால் தோள்கள் உள்நோக்கி வளைகின்றன. செக்கிங், அயனிங் வேலை செய்வோர் மணிக்கணக்காக நின்றவாறே மேசையின்மேல் குனிகின்றனர். ஏற்றுமதிக்கு நாள் நெருங்கினால் ‘ஒன்றரை ஷிப்டு’, அதாவது 12 மணி நேர வேலை. சனிக்கிழமை இரவுவரை இவ்வாறு உழைத்தவரே ஞாயிறு காலையில் பாடகர் குழுவில் வந்து நிற்கிறார்.

இவ்வுடல் நிலை குரலை எவ்வாறு பாதிக்கிறது? மூச்சை உள்ளிழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்க வேண்டும். விலா எலும்புகள் விரிய வேண்டும். முதுகு கூனியிருக்கையில் விலாக்கூடு வயிற்றின்மேல் அமுங்குவதால் இவ்விரண்டும் தடைப்படுகின்றன. முன்தள்ளிய தலையைத் தாங்கும் பொருட்டுக் கழுத்துத் தசைகள் இறுகுகின்றன. அவற்றிடையே தொங்கும் குரல்வளையும் தன் இயல்பான அசைவை இழக்கிறது. இயந்திர இரைச்சல் மற்றொரு காரணமாகும். இரைச்சலினிடையே பேசுவோர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகின்றனர் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் 1911ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். வாரம் முழுவதும் உரத்துப் பேசிய தொண்டை ஓய்வின்றிப் பாட வருகிறது. இதனைப் பக்திக் குறைவு என்பது அநீதியாகும்.

2. உடலையறிதல்

குரல் தொண்டையில் மட்டும் பிறப்பதன்று என்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தொலியாகிறது எனத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்குகிறது. முழு உடலே இசைக்கருவி என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது.

அண்மைக் காலத்தில் இதனை ஆராய்ந்தவருள் ஒருவர் எப். எம். அலெக்சாண்டர் (1869–1955). ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த இவர் மேடையில் செய்யுள் ஒப்புவிப்பவர். அடிக்கடி குரல் கம்மிப் போனார். மருத்துவத்தால் நிலையான பயன் கிட்டாததால் கண்ணாடிகளின் முன் நின்று தம்மைத் தாமே கவனித்தார். ஒப்புவிக்கத் தொடங்கும்போதெல்லாம் தலையைப் பின்னுக்கிழுத்து, குரல்வளையை அழுத்தி, ஓசையெழ மூச்சை இழுப்பதைக் கண்டார். அதனினும் முக்கியமான உண்மை ஒன்றையும் கண்டார்: தாம் சரியாக நிற்பதாக உணர்ந்த வேளையிலும் கண்ணாடி வேறாகக் காட்டியது. நெடுநாட்பழக்கம் உணர்வையே பிறழச் செய்கிறது.

ஆகவே, “நிமிர்ந்து நில்லுங்கள்” என்னும் கட்டளை மட்டும் போதாது. வளைந்து பழகியவருக்கு நேரான நிலை பின்னால் சாய்வதுபோல் தோன்றும். அவர் மார்பை முன்தள்ளி விறைத்து நிற்பார். ஒரு விறைப்புக்கு ஈடாக மற்றொரு விறைப்பு வந்து சேரும். கட்டளையினும் கவனிப்பே முதற்பயிற்சி.

3. பயிற்சிக்குச் சில வழிகள்

அ) பாடுமுன் பத்து நிமிடம் பாயில் மல்லாந்து, முழங்கால்களை மடித்து, தலைக்கடியில் ஒரு புத்தகத்தை வைத்துப் படுத்திருத்தல். முதுகு தானாகவே நீள இடங்கொடுப்பதே இதன் பயன்.

ஆ) பெஞ்சில் அமருகையில், அடியிலுள்ள இரு இருக்கை எலும்புகளின்மேல் உடலின் பாரம் சமமாக இறங்குகிறதா எனக் கவனித்தல்.

இ) மூச்சை இழுப்பதைவிட முதலில் முழுவதும் வெளிவிடுதல். நீண்ட ‘ஸ்’ ஒலியுடன் வெளிவிட்டபின் அடுத்த மூச்சு தானாகவே வந்து நிறையும்.

ஈ) பாட்டுப் புத்தகத்தை நோக்கித் தலையைத் தாழ்த்தாமல், புத்தகத்தைக் கண்ணளவுக்கு அருகே உயர்த்துதல்.

உ) முதற்பாட்டை உரக்கத் தொடங்காமல், வாய்மூடி மெல்ல முனகித் தொடங்குதல்.

மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்மியிருப்பின், பயிற்சியை நிறுத்தித் தொண்டை மருத்துவரிடம் அனுப்புவது ஆயரின் கடமையாகும்.

4. இறையியல் நோக்கு

எபிரெய மொழியில் ‘ஆத்துமா’ எனப் பெயர்க்கப்படும் ‘நெபேஷ்’ என்னும் சொல்லுக்குத் தொண்டை என்னும் பொருளும் உண்டு. ஆத்துமா கர்த்தரைத் துதிக்க அழைக்கப்படும் இடத்தில் மூச்சுவிடும் தொண்டையும் அழைக்கப்படுகிறது. உடலை விட்டுப் பிரிந்த துதியை வேதம் அறியாது.

லூக்கா 13:10–17இல் பதினெட்டு ஆண்டுகள் கூனியாயிருந்த பெண்ணைக் காண்கிறோம். இயேசு அவளை முதலில் கடிந்துகொள்ளவில்லை. கண்டார், அழைத்தார், தொட்டார். அவள் நிமிர்ந்தாள், அதன் பின்னரே தேவனை மகிமைப்படுத்தினாள். விடுதலை முந்தியது, துதி அதன் கனி. அது நிகழ்ந்தது ஓய்வுநாளில் என்பதும் கருதத்தக்கது. வாரத்தின் ஒரே ஓய்வுநாளை நீண்ட ஒத்திகையால் நிரப்பும் சபை, ஓய்வுநாளின் பொருளை மறந்ததாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. உடற்பயிற்சி கற்பித்து, அதே முதுகை அதே சாய்மானமற்ற ஸ்டூலுக்கு அனுப்பி வைப்பதோடு நம் பணி நிறைவடையாது. நின்று வேலைசெய்வோர் வாய்ப்புள்ளபோது உட்கார இருக்கை வேண்டுமென 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு கூறியது. உட்காரும் உரிமையும் உரிய ஓய்வும் சலுகைகள் அல்ல. நம் சபைகளில் தொழிலாளரும் உண்டு, முதலாளிகளும் உண்டு. ஒரே கீர்த்தனையை ஒரே கூரையின்கீழ்ப் பாடுவோரிடம் இதனை எடுத்துரைக்க ஆயருக்குத் துணிவு வேண்டும்.

ஆகவே, இறையியல் மாணவர் இசை கற்கும்போது மூச்சையும் எலும்பையும் பற்றிச் சிறிது கற்கட்டும். ஆயர்கள் பாடகர் குழுவைத் திருத்துமுன், அக்குழுவினர் வாரமெல்லாம் எங்கே, எவ்வாறு அமர்ந்திருந்தனர் எனக் கேட்டறியட்டும். அக்கேள்வியே நல்ல மேய்ப்புப்பணியின் தொடக்கமாகும்.