நிலாவிரையும் நொதிகளின் வினைத்திறனும்

விருதுநகர், சிவகாசி என்றவுடன் தீப்பெட்டியும் பட்டாசுமே நினைவுக்கு வருதல் இயல்பு. வானம் பார்த்த இப்பூமியிலிருந்து 1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அதன் பயனாய் நெருப்பை ஆளும் வேதியியல் இங்கே வேரூன்றிற்று. இதே வறண்ட மண்ணில் நெருப்பின்றி நிகழும் மற்றொரு வேதியியலும் உண்டு. அது நிலாவிரை என்னும் மூலிகையின் இலையில் நடைபெறுகிறது.

சனா என்னும் நிலாவிரை

நிலவாகை என்றும் வழங்கப்பெறும் இச்செடியை உழவர் பலர் அவுரி என்கின்றனர். நீலச்சாயம் தரும் அவுரி வேறு. அரபு மொழியில் இதன் பெயர் ‘சனா’. திர்மிதி, இப்னு மாஜா ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் சனா மருந்தாகக் குறிக்கப்பெறுகிறது. அரபு மருத்துவர் வாயிலாகவே இது ஐரோப்பிய மருத்துவத்துள் புகுந்தது. தென்தமிழ்நாட்டு இலையை மேலை மருந்து நூல்கள் ‘திருநெல்வேலி சென்னா’ எனப் போற்றின. திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இது விளைகிறது.

சர்க்கரையின் பணி

இவ்விலையின் மருந்துப் பொருளான சென்னோசைடை 1941இல் சுவிட்சர்லாந்து அறிஞர் ஸ்டோல் குழுவினர் பிரித்தெடுத்தனர். இதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு குளுக்கோஸ் அலகுகள் பிணைந்துள்ளன. இவ்வாறு சர்க்கரை பிணைந்த இயற்கைப் பொருள்களைக் கிளைகோசைடுகள் என்பர். இச்சர்க்கரைப் பிணைப்பினால் மருந்து சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை நீக்கிய பின்னரே அது செயற்படுகிறது. இரவில் உண்டால் காலையில் பயன் தருவது இதனாலேயே.

நொதிகள் செய்யும் வினை

தாவரத்தில் சர்க்கரையைப் பிணைப்பவை நொதிகள். வெறும் குளுக்கோஸ் தானாகச் சென்று ஒட்டாது; யூரிடின் டைபாஸ்பேட் என்னும் பொருளுடன் சேர்ந்து ஆற்றல் பெற்ற பின்னரே பிணையும். இதனை 1950இல் கண்டறிந்த அர்ஜென்டினா அறிஞர் லெலுவார் 1970இல் நோபல் பரிசு பெற்றார்.

பச்சை இலையில் சென்னோசைடின் பாதிக்கூறுகள் தனித்தனியே உள்ளன. 20 முதல் 50 பாகை செல்சியசில் மெல்ல உலரும்போது, இலையின் நொதிகளே அவற்றை இரண்டிரண்டாக இணைக்கின்றன. கடும் வெப்பம் நொதிகளை அழித்துவிடும். ஆகவே நிழலில் உலர்த்தும் நம் உழவரின் களம், மருந்து உருவாகும் இறுதிக் கூடமாகவும் விளங்குகிறது.

ஆய்வுக்கூடத்தில்

வேதிமுறையில் சர்க்கரையை உரிய இடத்தில் பிணைத்தல் கடினம்; அதில் ஒரே தன்மையுள்ள பிணைப்பிடங்கள் பல. நொதியோ நீரில், மிதமான வெப்பத்தில் சரியான இடத்தைத் தேர்கிறது. ஆற்றல் பெற்ற குளுக்கோஸின் விலையே இதற்குத் தடையாயிருந்தது. அத்தடையை நீக்கும் நொதி பாசிப்பயற்று முளையிலேயே உள்ளது. 1972இல் டெல்மர் என்னும் அறிவியலாளர் அதனைத் தூய்மைப்படுத்தினார். அது சாதாரணச் சர்க்கரையிலிருந்தே ஆற்றல் பெற்ற குளுக்கோஸைத் திரும்பத் திரும்ப ஆக்கித் தரும். இவ்வகை நொதி இணைகளைக் கொண்டு, சீனித்துளசி இலையில் மிகச் சிறிதளவே கிடைக்கும் ‘ரெபாடியோசைடு எம்’ என்னும் இனிப்புப் பொருள் இன்று ஆலைகளில் ஆக்கப்படுகிறது.

நம் கடமை

இவ்வளர்ச்சியில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. 1897இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின், நம் நாட்டு நீல அவுரிச் சாகுபடி சரிந்தது. நாளை நிலாவிரைக்கும் அந்நிலை வாராதென்று உறுதி கூற இயலாது. இலையைப் பக்குவமாய் உலர்த்துதல், அதன் மருந்தளவைச் சோதித்துத் தரம் குறித்தல், அத்தரத்திற்கேற்ற விலையை உழவருக்கு வழங்குதல் ஆகியனவே தற்காப்பு. அச்சோதனையை நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களிலேயே தொடங்கலாம். அன்று இருவர் கல்கத்தா வரை சென்று கற்ற கல்வி ஒரு வட்டாரத்திற்கே வாழ்வளித்தது. இன்றைய மாணவர்க்கு உரிய பாடமோ ஊர்க் களத்திலேயே உலர்ந்துகொண்டிருக்கிறது. அதனைக் கற்போம், கற்றதை உழவரிடம் கொண்டு சேர்ப்போம்.