சொல்லின் வலப்பக்கம்

பக்கவாதத்தாலோ மோட்டார்சைக்கிள் விபத்தில் தலையில் பட்ட அடியாலோ மூளையின் பின்பகுதி சேதமடைந்தவர்கள் பலருக்குக் கண் நன்றாகவே இருக்க, வாசிப்பு மட்டும் கைவிட்டுப் போகிறது. மலேசியாவின் கோல சிலாங்கூரிலும், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா எனப் பரந்து கிடக்கும் வடசிலாங்கூர்த் தோட்டங்களிலும் இத்தகையவர்களுக்கு நடக்கவும் பேசவும் பயிற்சி தேடித் தரும் குடும்பங்கள்கூட, வாசிப்பையும் அவ்வாறே மீட்கலாம் என்பதை அறிவதில்லை. கண்ணாடியை மாற்றிப் பார்த்து, அதுவும் பயன்படாதபோது, வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள்.

கண் படம் பிடிக்கிறது, பார்ப்பது மூளை. தலையின் பின்புறத்தில் உள்ள பிடரி மடலின் இடப்பாதி, இரு கண்களுக்கும் வலப்பக்கமாகத் தெரியும் உலகைக் காண்கிறது. வலப்பாதி இடப்பக்கத்தைக் காண்கிறது. ஆகவே இடப்பாதிக்கு இரத்தம் செல்வது தடைப்பட்டால் வலக்கண் மட்டும் பழுதாவதில்லை. இரண்டு கண்களிலும் வலப்பக்கப் பார்வை போய்விடுகிறது. இதுவே அரைப்புலப் பார்வையிழப்பு. இழந்த பகுதி கறுப்பாகத் தெரிவதும் இல்லை. பார்வைப் புலத்தின் வெற்றிடத்தை மூளை தானாகவே நிரப்பிக்கொள்ளும் விதத்தை, தமிழகத்தில் 1951இல் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் ஆராய்ந்து விளக்கியிருக்கிறார். குறை இருப்பதே தெரியாமல் “வலக்கண் மங்கல்” என்று நோயாளி சொல்வதற்கும், அவர் கண்ணாடிக் கடைக்கு அனுப்பப்படுவதற்கும் இதுவே காரணம். கண்களை ஒன்று மாற்றி ஒன்றாக மூடச் சொல்லி, எதிரே அமர்ந்தவரின் மூக்கை மட்டும் பார்க்க வைத்து, இருபுறமும் விரலை அசைத்துக் காட்டினால், எந்தக் கண்ணால் பார்த்தாலும் ஒரே பக்கத்து விரல் தெரியவில்லை என்பது வெளிப்படும். இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம், தோட்ட மருந்தகத்து உதவியாளரான டிரஸர் ஒருவரே செய்துவிடலாம்.

வாசிக்கும் கண் வரியின்மேல் வழுக்கிச் செல்வதில்லை. நின்று நின்று தாவுகிறது. இடமிருந்து வலமாக வாசிப்பவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாம் நிற்கும் எழுத்தைவிட வலப்பக்கத்திலேயே மிகுதியாகப் பிடித்துக்கொள்கிறார். ஆங்கில வாசிப்பில் செய்த ஆய்வுகளின்படி இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்துகள், வலப்பக்கம் ஏறத்தாழ 15 எழுத்துகள். வலப்பக்கம் இழந்தால் அடுத்த தாவலுக்கான வழிகாட்டியே மறைந்துவிடுகிறது. இடப்பக்கம் போனால் அடுத்த வரியின் தொடக்கம் அகப்படாமல் கண் அலைகிறது. வலமிருந்து இடமாகச் செல்லும் ஜாவி எழுத்தை வாசிக்கும் மலாய் அண்டைவீட்டாருக்கு இந்தக் கணக்கு நேர்மாறாகும். தாளை 40 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்தால் பார்வையின் ஒரு பாகை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். நடுவிலிருந்து ஐந்து பாகை, அதாவது மூன்றரை சென்டிமீட்டர், பிழைத்திருந்தால் வாசிப்பு ஏறக்குறையத் தப்பிவிடும். ஒரு பாகையே மிஞ்சினால் ஒவ்வொரு சொல்லும் துண்டாகும்.

தமிழில் இந்தத் துண்டிப்பு எங்கே விழுகிறது என்பதுதான் இங்கு முதன்மையான கேள்வி. தமிழ்ச் சொல் தன் பொருளின் பெரும்பகுதியை வலப்பக்கக் கடைசியில் வைத்திருக்கிறது. வேற்றுமை, காலம், இடம், பால், எதிர்மறை எல்லாம் சொல்லின் வாலில்தான் ஒட்டிக்கொள்கின்றன. “சாப்பிடலாம்” என்பதும் “சாப்பிடக்கூடாது” என்பதும் முதல் நான்கு எழுத்துகளில் ஒன்றே. மருந்துத் தாளில் வலப்பாதி தெரியாதவருக்கு அனுமதியும் தடையும் ஒரே சொல்லாகத் தோன்றும். இடப்பக்கத்தை இழந்தவருக்கு வேறு வகை இடர் வருகிறது. தமிழில் எகர, ஏகாரக் கொம்புகள் மெய்யின் இடப்புறம் நிற்பதால், இடது விளிம்பு மறைந்தால் “தேடு” என்பது “தடு” ஆகலாம். “கொடு” என்பதன் கொம்பு உதிர்ந்து “காடு” மிஞ்சலாம். மலாய் மொழியோ வினையின் தன்மையைப் பெரும்பாலும் முன்னொட்டில் வைக்கிறது. “மெம்புகா” (திறத்தல்), “டிபுகா” (திறக்கப்படுதல்) என்பவை வேறுபடுவது இடப்பக்கத்தில்தான். ஆகவே, ஒரே மனிதர் ஒரே காயத்துடன் மலாயில் ஓரளவு வாசித்துத் தமிழில் தடுமாறுவதும் உண்டாகலாம். மலாய்ப் பத்தியைக் கொடுத்துச் சோதித்துவிட்டு வாசிப்பு சரியாக இருக்கிறது என்று எழுதிவிடுவது போதாது.

ஜெர்மானியக் கண் மருத்துவர் ஹெர்மன் வில்பிராண்ட் 1907இலேயே இந்த வாசிப்புக் குறையை விவரித்தார். முதல் உலகப் போரில் தலையில் குண்டடி பட்டவர்களை ஆராய்ந்த வால்ட்டர் பொப்பெல்ராய்ட்டர் 1917இல் அதைப் பற்றி எழுதினார். மூனிக்கில் யோசஃப் ட்ஸீல் உருவாக்கிய பயிற்சியின் உட்கரு எளியது: வலப்பக்கம் இழந்தவர் சொல்லை வாசிக்குமுன் அதன் கடைசி எழுத்துக்குக் கண்ணைக் கொண்டுபோக வேண்டும், இடப்பக்கம் இழந்தவர் வரியின் முதல் எழுத்தைத் தேடிப் பிடித்த பிறகே தொடங்க வேண்டும். தமிழுக்கென்றே அளந்து தைத்த சட்டை போன்ற விதி இது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அலெக்ஸ் லெஃப் குழுவினர் வலப்பக்கம் இழந்தவர்களுக்காக, எழுத்து வலமிருந்து இடமாக ஓடும் திரைப்பயிற்சி ஒன்றை அமைத்தனர். ஓடும் எழுத்து கண்ணை வலப்பக்கமாகத் தாவவைக்கிறது. 20 மணி நேரப் பயிற்சிக்குப் பின் வாசிப்பு வேகம் 40 விழுக்காட்டுக்கு மேல் கூடியதை அவர்கள் பதிவு செய்தனர். பயிற்சியால் பார்வை திரும்பி வருவதில்லை, அது தானே தேறுவது பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள்தான். பயிற்சியால் மாறுவது கண்ணின் பழக்கம். அந்தத் திரைப்பயிற்சியின் பனுவல் ஆங்கிலம். தமிழுக்கு வேண்டியது தமிழ்ப் பனுவல். தமிழ்த் தொலைக்காட்சிச் செய்தியின் அடியில் ஓடும் வரியும் அதே திசையில் ஓடுகிறது என்றாலும், வேகத்தை நோயாளியின் அளவுக்குக் குறைக்க முடியாததால் அது பயிற்சியாகாது.

அரைப்புல இழப்போடு குழப்பக்கூடாத மற்றொன்றும் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் டெஜெரின் 1892இல் விவரித்த தூய வாசிப்பிழப்பில், நோயாளி ஒழுங்காக எழுதுவார். தாம் எழுதியதையே சற்று நேரம் கழித்து வாசிக்க முடியாது திகைப்பார். அவருக்கு எழுத்துகளைக் கைவிரலால் தடவி அறியும் வேறு வகைப் பயிற்சி தேவை.

வாசிப்பு இத்தோட்டங்களுக்கு அயலான பழக்கமன்று. மலாயாவில் வணிக அளவிலான முதல் செம்பனைப் பயிர் 1917இல் தொடங்கிய தென்னமரம் தோட்டம் பெயரிலேயே தமிழ் மரத்தைச் சுமக்கிறது. பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்ற 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் வழியே தமிழ் எழுத்து லயத்து வீடுகளுக்குள் வந்தது. 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ போன்ற நாளிதழ்கள் அதை வளர்த்தன. அப்படி வாசித்து வளர்ந்த தலைமுறைக்கே இப்போது இரத்த அழுத்தமும் இனிப்புநீரும் பக்கவாதத்தைக் கொண்டுவருகின்றன. உதவி நிறுவனங்கள் இருக்கவே செய்கின்றன: தஞ்சோங் காராங்கில் மாவட்ட மருத்துவமனை, 1996இல் தொடங்கிய தேசியப் பக்கவாதச் சங்கமான நாசாம், வேலையில் அடிபட்டவர்களுக்கு மலாக்காவில் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் மறுவாழ்வு மையம், பிரிக்ஃபீல்ட்சில் 1951இல் அமைந்த மலேசியப் பார்வையற்றோர் சங்கம். ஆயினும் அரைப்புல இழப்போடு மோட்டார்சைக்கிள் ஓட்டுவது ஆபத்து; தோட்டத்திலிருந்து வாரந்தோறும் தலைநகர்ப் பக்கம் போய்வரும் பயணம் அத்தகையவருக்கு துணைக்கு வரும் இன்னொருவரின் ஒருநாள் சம்பள இழப்பு.

ஆதலால் பயிற்சி வீட்டுக்கு வர வேண்டும். பெரிய எழுத்தில், வரிக்கு ஒரு சொல்லாக, “வந்தான், வந்தாள், வந்தது, வந்தார்” என்று வால் மட்டும் மாறும் சொற்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் வலக்கடைசியிலும் சிவப்புப் பேனாவால் கோடிட்டு, சிவப்பைக் கண்டபின் வாசிக்கச் சொல்லலாம். நாளுக்கு அரைமணி நேரம், தமிழ்ப்பள்ளி செல்லும் பேரப்பிள்ளை ஒருவர் அருகில் அமர்ந்தால் போதும். சில வாரங்களில் வரிக்கு இரண்டு சொல், பிறகு மூன்று; சிவப்புக் கோடு வரியின் கடைசிக்கு நகரும், பின்னர் பென்சில் கோடாக மங்கும்.